லேக்கர்ஸ் வரலாற்றில் சிறந்த பயிற்சியாளர் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாஸ் ஏஞ்சலஸில் சனிக்கிழமை இரவு ஏழரைக்கு ஆட்டம் என்றால் ரங்கூனில் ஞாயிறு காலை. குளிர்காலத்தில் பத்து மணி, மார்ச் நடுவில் அங்கே கடிகாரத்தை மாற்றியதும் ஒன்பது. கோயிலுக்குப் போய்விட்டு வந்தவர்களும் படுக்கையிலிருந்து நேராக எழுந்து வந்தவர்களுமாக எங்கள் தெரு டீக்கடையில் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவோம். கரண்ட் இருந்தால் டிவி, இல்லாவிட்டால் யாருடைய போனிலாவது. ஆட்டம் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு தொடங்கும் சண்டைதான் முடியாது: அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீக்கில் ஆடும் லேக்கர்ஸ் அணியை நடத்தியவர்களில் பெரியவர் யார்?

புதிதாக வரும் தம்பிமார் ஒவ்வொருவரும் ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. அதனால்தான் இது.

கோச்சுன்னா ஓரமா நின்னு கத்துறவர்தானே? அவருக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

கத்துவது வேலையில் ஒரு சிறு பகுதி. எந்த ஐந்து பேர் இறங்குவது, யார் எத்தனை நிமிடம் ஆடுவது, எதிரணி தொடர்ந்து கூடை போடும்போது எப்போது டைம் அவுட் கேட்பது, பந்து யார் கை வழியாகப் போவது எல்லாம் அவர் முடிவு. 82 ஆட்டம் கொண்ட சீசனில் கோடீஸ்வர இளைஞர்கள் பன்னிரண்டு பதினைந்து பேரை ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழாமல் வைத்திருப்பதும் அவர் தலையில்தான்.

ஆட்டக்காரர்களை வாங்குவதும் விற்பதும் மட்டும் அவர் கையில் பெரும்பாலும் இல்லை. அது மேலாளரின் வேலை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே பாதிச் சண்டைக்கு இதுதான் காரணம்.

மொத்தம் எத்தனை பட்டம்? யார் யார் காலத்துல?

17. ஜான் குண்ட்லா 5 (1949, 1950, 1952, 1953, 1954), பில் ஷார்மன் 1 (1972), பால் வெஸ்ட்ஹெட் 1 (1980), பாட் ரைலி 4 (1982, 1985, 1987, 1988), ஃபில் ஜாக்சன் 5 (2000, 2001, 2002, 2009, 2010), ஃபிராங்க் வோகல் 1 (2020). ஆக ஆறு பேர். சண்டை பெரும்பாலும் இரண்டு பேரைப் பற்றித்தான்.

லாஸ் ஏஞ்சலஸ்ல ஏரியே கிடையாதே, பேரு எப்படி ‘லேக்கர்ஸ்’?

அணி பிறந்தது மினியாபொலிஸில். மினசோட்டா மாநிலம் ஏரிகளுக்குப் பெயர்போனது. 1960இல் அணி லாஸ் ஏஞ்சலஸுக்குப் போனது, பெயரும் கூடவே போனது. நம் ஊரில் தஞ்சாவூரைப் பார்க்காதவர் குடும்பப் பெயரில் தஞ்சாவூர் இருப்பதில்லையா, அந்த மாதிரி.

அப்ப குண்ட்லா வாங்கின அஞ்சையும் நம்ம கணக்குல சேர்க்கணுமா? அது வேற ஊர் அணியாச்சே.

சேர்க்க வேண்டும். மொகல் தெருவில் இருந்த கடையைத் தாத்தா வேறு தெருவுக்கு மாற்றினால் பழைய கணக்குப் புத்தகத்தை அடுப்பிலா போடுவோம்? அதே அணி, அதே பெயர், அதே லீக்.

குண்ட்லா 1947இல் பொறுப்புக்கு வந்தபோது அவருக்கு வயது 31. ஜார்ஜ் மைகன் என்ற ஆறடி பத்தங்குல சென்டர் அவரிடம் இருந்தார். மைகனைத் தடுக்க முடியாமல் 1951இல் கூடைக்கு முன்னால் உள்ள பாதையையே ஆறடியிலிருந்து பன்னிரண்டு அடியாக அகலப்படுத்தினார்கள். அதற்குப் பிறகும் குண்ட்லாவின் அணி மூன்று பட்டம் வாங்கியது. ஆள் அதிர்ந்து பேசாதவர் என்பார்கள். 101 வயது வாழ்ந்து 2017இல் இறந்தார். எங்கள் மேசையில் அவருக்காக வாதாட ஆளே இல்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

குண்ட்லா அஞ்சு, ஜாக்சன் அஞ்சு. அப்புறம் என்ன, ரெண்டு பேரும் சமம்தானே?

எண் சமம், எடை சமமில்லை. 1953-54 சீசனில் லீக்கில் மொத்தமே 9 அணிகள். ஜாக்சன் 2009இல் ஜெயித்தபோது 30 அணிகள், பட்டத்துக்கு நான்கு சுற்று, பதினாறு வெற்றி. இன்னொன்று, குண்ட்லா காலத்தில் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். 1950 நவம்பரில் ஃபோர்ட் வேய்ன் அணி அப்படியே நின்று நின்று லேக்கர்ஸை 19-18 என்று தோற்கடித்தது. கால்பந்து ஸ்கோர் மாதிரி இருக்கிறது, ஆனால் கூடைப்பந்துதான்.

பந்து கிடைத்தால் 24 விநாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற கடிகாரம் 1954இல் வந்தது. அதற்குப் பிறகு குண்ட்லாவுக்குப் பட்டம் இல்லை. ‘பார்த்தீர்களா, விதி மாறியதும் வண்டி நின்றுவிட்டது’ என்று மாமா சொல்வார். (மாமா எங்கள் மேசையின் மூத்தவர், ஜாக்சன் கட்சி.) ஆனால் அதே 1954இல் மைகனும் ஓய்வு பெற்றுவிட்டார். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததால் எதன் மேல் பழி போடுவது என்று தீர்மானிக்க முடியாது.

நல்ல ஆட்டக்காரங்க இருந்தா யார் கோச்சா இருந்தாலும் ஜெயிக்கலாமே?

இதுதான் அடிக்கடி வரும் கேள்வி. என் வீட்டுக்காரிகூடக் கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன பதில்: பவ்சான் அரிசி வாங்கிக் கொடுத்துவிட்டேன் என்பதற்காக நான் வடித்தால் சோறு நன்றாக இருக்குமா?

சாட்சிக்கு 1998, 1999. ஷகில் ஓநீல் இருக்கிறார், கோபி பிரயன்ட் இருக்கிறார். 1998இல் டெல் ஹாரிஸின் கீழ் ஏழு ஆட்டத் தொடரில் யூட்டாவிடம் 4-0 என்று தோல்வி. அடுத்த சீசன் தொடக்கத்திலேயே ஹாரிஸை அனுப்பிவிட்டார்கள், கர்ட் ராம்பிஸ் வந்தார், சான் அன்டோனியோவிடம் மறுபடியும் 4-0. 1999 கோடையில் ஜாக்சன் வருகிறார். அதே இருவரை வைத்துக்கொண்டு அடுத்த மூன்று வருடமும் பட்டம். 2001 பிளேஆஃபில் (சீசன் முடிந்ததும் பட்டத்துக்காக நடக்கும் சுற்றுகள்) 15 வெற்றி, ஒரே ஒரு தோல்வி.

இன்னும் பழைய சாட்சி 1969. ஜெர்ரி வெஸ்ட், எல்ஜின் பெய்லர், வில்ட் சேம்பர்லின் மூவரும் ஒரே அணியில். பாஸ்டனுக்கு எதிராக ஏழாவது ஆட்டம், அதுவும் சொந்த ஊரில். வெற்றி விழாவுக்காக அரங்கக் கூரையில் பலூன்களைக் கட்டி வைத்திருந்தார்கள். கடைசிக் கட்டத்தில் முழங்கால் வலியில் வெளியே வந்த சேம்பர்லின் திரும்ப இறங்குகிறேன் என்று கேட்டும், பயிற்சியாளர் வான் பிரெடா கோல்ஃப் வேண்டாம் என்றுவிட்டார். 108-106 என்று தோற்றார்கள். பலூன்கள் மேலேயே இருந்தன. இருவருக்கும் முன்பிருந்தே ஆகாது. அந்தப் பகைக்கு விலை ஒரு பட்டம்.

ஆனால் இந்தக் கத்தி இரண்டு பக்கமும் வெட்டும். 2004இல் ஜாக்சனிடம் ஓநீல், கோபி, கார்ல் மலோன், கேரி பேட்டன் என்று நான்கு பெரிய தலைகள் இருந்தும் டெட்ராய்ட்டிடம் 4-1 என்று தோற்றார். நல்ல அரிசி, நல்ல கை, இருந்தும் அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது.

ஷார்மனைப் பத்தி யாருமே பேசலையே, அவர் சும்மா ஒத்தைப் பட்டக்காரர்தானா?

ஒற்றைப் பட்டம்தான், ஆனால் என்ன பட்டம்! லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தபிறகு கிடைத்த முதல் பட்டம் அது. 1971-72 சீசனில் 69 வெற்றி, 13 தோல்வி. அதில் தொடர்ச்சியாக 33 வெற்றி. லீக்கில் இன்றுவரை அதை யாரும் தொடவில்லை. அந்தத் தொடர், பெய்லர் ஓய்வை அறிவித்த பிறகு வந்த முதல் ஆட்டத்தில் தொடங்கியது என்பது இன்னும் வேடிக்கை.

இன்று பல அணிகள் ஆட்ட நாள் காலையில் கூடி லேசாகப் பந்து எறிந்து பழகுகின்றன. அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தவர் ஷார்மன். காலையில் எழுந்திருப்பது பிடிக்காத சேம்பர்லினையே வரவைத்தார். ஒரு காலத்தில் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி அடித்தவரை, ‘நீ அடிக்க வேண்டாம், ரீபவுண்ட் (கூடைக்குள் போகாமல் திரும்பும் பந்து) எடு, தடு’ என்று மாற்றினார். அந்த சீசனில் சேம்பர்லினின் சராசரி 14.8 புள்ளி, 19.2 ரீபவுண்ட்.

ஷார்மன் ஆட்டக்காரராக நான்கு பட்டம் வாங்கியது பாஸ்டன் செல்டிக்ஸுக்கு. அவருடைய உதவியாளராக இருந்த கே.சி. ஜோன்ஸும் பாஸ்டன் ஆள்தான். எந்த அணி நம்மை அழவைத்ததோ அந்த வீட்டுப் பிள்ளைகளே வந்து கண்ணீரைத் துடைத்தார்கள். கே.சி. ஜோன்ஸ் பெயரை மறந்துவிடாதீர்கள், கீழே திரும்ப வருவார்.

சைக்கிள்ல விழுந்து வேலை போன கோச் ஒருத்தர் இருந்தாராமே, நிஜமா?

நிஜம். ஜாக் மெக்கின்னி. 1979இல் மேஜிக் ஜான்சன் புதுமுகமாக வந்த அதே சீசனில் பொறுப்பேற்றார். வேகமாக ஓடி ஆடும் முறையை அணிக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். 10 வெற்றி, 4 தோல்வி என்று அவர் பெயரில் பதிவாகியிருக்கிறது. நவம்பரில் டென்னிஸ் ஆடச் சைக்கிளில் போகும்போது விழுந்து தலையில் பலத்த அடி. உதவியாளர் வெஸ்ட்ஹெட் பொறுப்பேற்றார், அந்த வருடமே பட்டமும் வாங்கினார். மெக்கின்னிக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவில்லை. பிறகு இண்டியானா அணிக்குப் போய் 1981இல் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது வாங்கினார். சாமி கொடுத்ததைச் சைக்கிள் பறித்துக்கொண்டது என்று எங்கள் அத்தை சொல்வார்.

ரைலி, மேஜிக் ஜான்சன் தோள்ல ஏறி வந்தவர்தானே? நானே நின்னிருந்தாலும் ஜெயிச்சிருப்பேன்.

தம்பி, அரிசிக் கேள்விக்குச் சொன்ன பதிலை இன்னொரு தடவை படி.

ரைலி லேக்கர்ஸில் ஆடியவர், 1972 அணியில் பெஞ்சில் இருந்தவர். அதன்பின் வானொலி வர்ணனைக்குப் போனார், அங்கிருந்து வெஸ்ட்ஹெட்டுக்கு உதவியாளர். 1981 நவம்பரில் மேஜிக்குக்கும் வெஸ்ட்ஹெட்டுக்கும் முட்டிக்கொண்டு வெஸ்ட்ஹெட் வீட்டுக்கு அனுப்பப்பட்டபோது, அதற்கு முன் எந்த அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்திராத ரைலியின் கையில் அணி வந்து விழுந்தது. 1982இல் பட்டம். அதுவரைக்கும் உன் பேச்சை ஒத்துக்கொள்கிறேன். அது மெக்கின்னி உழுத வயல்.

1984க்கு வா. பாஸ்டனிடம் ஏழாவது ஆட்டத்தில் தோல்வி. எதிரணிப் பயிற்சியாளர் யார்? அதே கே.சி. ஜோன்ஸ். லேக்கர்ஸ் ஃபைனலில் பாஸ்டனைச் சந்தித்தது அது எட்டாவது முறை. எட்டிலும் தோல்வி. அடுத்த வருடம் மறுபடி அவர்களே. முதல் ஆட்டத்தில் 148-114 என்று நசுக்கினார்கள். 38 வயது கரீம் அப்துல்-ஜப்பாரைக் கிழவர் என்று எல்லாரும் எழுதினார்கள்.

இரண்டாவது ஆட்டத்துக்குப் போகும்போது கரீம் தன் அப்பாவை அணிப் பேருந்தில் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். அது வழக்கமில்லை. ரைலி சரி என்றார். அரங்கத்துக்குப் போனதும் தன் சொந்த அப்பா கடைசியாகச் சொன்ன புத்தியை அணிக்குச் சொன்னார்: ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் காலை ஊன்றி நின்றே ஆகவேண்டும். அன்று கரீம் 30 புள்ளி, 17 ரீபவுண்ட். ஆறாவது ஆட்டத்தில் பாஸ்டனின் சொந்த அரங்கத்திலேயே பட்டம். தகப்பன் பேச்சு எங்கே குத்தும் என்று நம்மவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

அதோடு நிற்கவில்லை. 1986இல் ஹூஸ்டனிடம் தோற்றதும் தாக்குதலின் மையத்தைக் கரீமிடமிருந்து எடுத்து மேஜிக்கிடம் கொடுத்தார். பெரியவர் மனம் கோணாமல் கல்லாப்பெட்டிச் சாவியைச் சின்னவர் கையில் மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று கூட்டுக் குடும்பக் கடை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். 1987 பட்டம். அந்த விழாவிலேயே அடுத்த வருடமும் ஜெயிப்போம் என்று வாக்குக் கொடுத்தார். 1969 பாஸ்டனுக்குப் பிறகு யாரும் தொடர்ந்து இரண்டு வாங்கியதில்லை. 1988இல் வாக்கைக் காப்பாற்றினார்.

ஜாக்சனோட ‘முக்கோணம்’னா என்ன? கணக்குப் பாடம் மாதிரி இருக்கே.

ஒருவர் கூடைக்குப் பக்கத்தில், ஒருவர் மூலையில், ஒருவர் பக்கவாட்டில் என்று மூன்று பேர் ஒரு பக்கம் முக்கோணமாக நிற்பார்கள். மற்ற இருவர் எதிர்ப்பக்கம். முன்கூட்டியே எழுதிவைத்த நகர்வு குறைவு. தடுப்பவர் எங்கே வருகிறாரோ அதைப் பார்த்துப் பந்து போகும், பந்து போனால் எல்லாரும் நகர வேண்டும். முறையைச் செதுக்கியவர் ஜாக்சன் அல்ல, சிகாகோவிலிருந்து அவரோடு வந்த உதவியாளர் டெக்ஸ் விண்டர்.

சாயங்காலம் தெருமுனையில் சின்லோன் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆறு பேர் வட்டமாக நடந்தபடி பிரம்புப் பந்தைக் காலால் தட்டித் தட்டிக் கீழே விழாமல் வைத்திருப்பார்கள். நடுவில் நிற்பவர் வித்தை காட்டுவார், மற்றவர்கள் அவருக்குப் பந்தைத் தோதாகக் கொடுப்பார்கள். வித்தைக்காரர் இடம் மாறிக்கொண்டே இருக்கும். முக்கோணமும் ஏறக்குறைய அதுதான். ‘நடுவில் நான் மட்டும்தான்’ என்று நினைக்கும் கோபியையும் ஓநீலையும் அந்த வட்டத்துக்குள் நடக்கவைத்ததுதான் ஜாக்சனின் சாமர்த்தியம். சின்லோனில் எதிரணி கிடையாதே என்று கேட்காதீர்கள். உவமைக்கு ஓர் எல்லை உண்டு.

தியானம் செய்யவச்சா ஆட்டம் ஜெயிக்குமா? அப்படின்னா நம்ம ஊர் அணி உலகக் கோப்பை வாங்கியிருக்கணுமே.

சிரித்துவிட்டேன். விபாசனாவைப் பரப்பிய கோயங்கா மாண்டலேயில் பிறந்து ரங்கூனில் கற்றவர் என்பதால் இந்தக் கேள்வி இங்கே கட்டாயம் வரும். ஜாக்சன், ஜார்ஜ் மம்ஃபோர்டு என்ற ஆசிரியரை வரவழைத்து ஆட்டக்காரர்களுக்கு மூச்சைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு புத்தகம் தேர்ந்தெடுத்துப் படிக்கக் கொடுப்பார்.

பலன் எங்கே தெரியும் என்றால், எதிரணி வரிசையாகப் பத்துப் புள்ளி எடுக்கும்போது. மற்ற பயிற்சியாளர்கள் பதறி டைம் அவுட் கேட்பார்கள். ஜாக்சன் கையைக் கட்டி உட்கார்ந்திருப்பார், நீங்களே வழி கண்டுபிடியுங்கள் என்று. 2000இல் போர்ட்லாண்டுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் கடைசிக் கால் பகுதியில் 15 புள்ளி பின்தங்கியிருந்து ஜெயித்தார்கள். அது மூச்சாலா, திறமையாலா, எதிரணி கை நடுங்கியதாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது.

ஜாக்சன் மொத்தம் 11 பட்டம், ரைலி 5. இதுக்கு மேல என்ன பேச்சு?

11இல் ஆறு சிகாகோவுக்கு. ரைலியின் ஐந்தில் ஒன்று மயாமிக்கு. நம் கேள்வி லேக்கர்ஸ் வரலாறு. மருமகன் மாமியார் வீட்டில் செய்ததை நம் வீட்டுக் கணக்கில் எழுத முடியாது. ஆக 5-க்கு 4. வித்தியாசம் ஒன்றே ஒன்று.

சதவீதம் பார்த்தா ரைலிதானே மேல?

ஆமாம். ரைலி 9 சீசனில் 533 வெற்றி, 194 தோல்வி, 73.3 சதவீதம். ஜாக்சன் 11 சீசனில் 610 வெற்றி, 292 தோல்வி, 67.6. பிளேஆஃபில் ரைலி 102-47, ஜாக்சன் 118-63. அங்கேயும் சதவீதத்தில் ரைலி ஒரு படி மேலே. ஃபைனலுக்குப் போனது இருவரும் ஏழேழு முறை. ரைலி ஒன்பது சீசனில், ஜாக்சன் பதினொன்றில்.

மாமாவின் பதில்: ஜாக்சன் 2005இல் திரும்பி வந்தபோது ஓநீல் இல்லை, கோபியைச் சுற்றி ஆளில்லை. ரைலிக்கு அப்படி வறண்ட வருடமே கிடையாது. நியாயமான பேச்சு. கோபி 81 புள்ளி அடித்தது அந்த வறட்சியில்தான், 2006 ஜனவரியில். அவர் அடிக்காவிட்டால் வேறு யாரும் அடிக்க மாட்டார்கள் என்ற நிலை.

ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது யாருக்குக் கிடைச்சுது?

லேக்கர்ஸில் இருந்தபோது ஷார்மனுக்கு 1972, ரைலிக்கு 1990, டெல் ஹாரிஸுக்கு 1995. ஜாக்சனுக்கு லேக்கர்ஸில் ஒரு தடவைகூட இல்லை. ரைலிக்கும் நான்கு பட்ட வருடத்திலும் கொடுக்காமல், இரண்டாம் சுற்றிலேயே வெளியேறிய வருடத்தில் கொடுத்தார்கள். இந்த விருதை வைத்து வாதாடுபவருக்கு நான் டீ வாங்கித் தருவதில்லை.

2020 பட்டம் பூட்டின வளாகத்துக்குள்ள ஆடினது, அதைச் சேர்க்கக் கூடாதுன்னு அண்ணன் சொல்றாரே?

அண்ணன் பாஸ்டன் ரசிகர். கொரோனா நேரத்தில் ஃபுளோரிடாவில் 22 அணிகளை ஒரே வளாகத்துக்குள் வைத்து ஆடவிட்டார்கள். ரசிகர் இல்லை, சொந்த ஊர் இல்லை, குடும்பத்தைப் பிரிந்து மாதக்கணக்கில். எல்லாருக்கும் அதே கஷ்டம்தானே? ஜனவரியில் கோபி இறந்த துக்கத்தில் இருந்த அணியைக் குலையாமல் நடத்தியது வோகல். ஃபைனலில் தோற்கடித்தது மயாமியை. மயாமி அணியின் தலைவர் நாற்காலியில் இருந்தவர் நம் ரைலி! வோகலை இரண்டே வருடத்தில் அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் முதல் இரண்டு இடத்துக்கு அவர் பெயரை நான் எடுக்க மாட்டேன்.

2024ல கோச்சா வந்த ரெடிக்கை எங்க வைக்கிறீங்க?

இன்னும் எங்கேயும் வைக்கவில்லை. முதல் சீசனில் 50 வெற்றி, பிறகு முதல் சுற்றிலேயே மினசோட்டாவிடம் தோல்வி. ஏரிகள் இருக்கும் ஊர் பழைய கணக்கைத் தீர்த்துக்கொண்டது.

சரி, சுத்தி வளைக்காம சொல்லுங்க. உங்க ஆள் யாரு?

ரைலி. பட்ட எண்ணிக்கைக்காக அல்ல. தோற்றுப் படுத்த அதே ஆட்டக்காரர்களை அடுத்த வருடம் எழுப்பி நிறுத்தியவரைத்தான் நான் பெரிய பயிற்சியாளர் என்பேன். ரைலி அதை 1985இலும் 1987இலும் செய்தார். ஜாக்சனும் செய்தார், மறுக்கவில்லை: 2008 ஃபைனலின் கடைசி ஆட்டத்தில் பாஸ்டனிடம் 39 புள்ளி வித்தியாசத்தில் அடிவாங்கிவிட்டு 2009, 2010 இரண்டையும் வாங்கினார். ஆனால் ஜாக்சன் வரும்போதே விரலில் ஆறு பட்டத்து மோதிரம், பக்கத்தில் விண்டர். அவர் சொன்னால் கேட்பார்கள். மைக் பிடித்துக்கொண்டிருந்த ரைலி சொல்வதை மேஜிக்கும் கரீமும் ஏன் கேட்க வேண்டும்? கேட்கவைத்தார்.

ரைலியிடமும் குறை உண்டு. ஆட்களைப் பிழிந்துவிடுவார். 1989இல் ஒரு தோல்விகூட இல்லாமல் ஃபைனலுக்குப் போன அணி, பைரன் ஸ்காட்டும் மேஜிக்கும் தொடைத் தசை பிடித்துச் சாய, டெட்ராய்ட்டிடம் 4-0 என்று போனது. ஸ்காட்டுக்குப் பிடித்தது பயிற்சியில். ஃபைனலுக்கு முந்தைய இடைவெளியில் ஓய்வு கொடுத்திருக்கலாம் என்று இன்றும் பேசுகிறார்கள். நானும்தான் பேசுகிறேன்.

அப்ப ஒரே ஒரு ஏழாவது ஆட்டம். ஜெயிச்சே ஆகணும். யாரை நிறுத்துவீங்க?

இதை மாமா கேட்டார், என்னை மடக்கத்தான். லேக்கர்ஸுக்காக ஏழாவது ஆட்டங்களில் ஜாக்சன் 4 வெற்றி, 1 தோல்வி. ரைலி 3 வெற்றி, 1 தோல்வி. அந்த மூன்றும் 1988இல் அடுத்தடுத்து வந்த மூன்று சுற்றுகளில். ரைலியின் ஒரு தோல்வி 1984 பாஸ்டன். ஜாக்சனின் ஒரு தோல்வி 2006 ஃபீனிக்ஸ், 3-1 என்று முன்னால் இருந்துவிட்டுக் கோட்டைவிட்டது. அன்று இரண்டாம் பாதியில் கோபி மூன்றே மூன்று முறைதான் கூடையைப் பார்த்து எறிந்தார்.

நான் 2010ஐ நினைத்துப் பார்த்தேன். பாஸ்டனுக்கு எதிராக ஏழாவது ஆட்டம், கோபி 24 எறிதலில் 6 மட்டும்தான் உள்ளே போனது, யாருக்கும் கை வரவில்லை. ஜாக்சன் அசையவில்லை. தடுப்பிலும் ரீபவுண்டிலும் பிடித்துத் தொங்கி 83-79. அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் என்றால் ஜாக்சன் என்று சொல்லிவிட்டேன். மாமா பலாத்தாவைப் பிய்த்தபடி, ‘இதை எழுதிவை’ என்றார். எழுதிவிட்டேன் மாமா. மேலே உள்ள பதிலையும் அழிக்கவில்லை.